மனைவிளக்கும் மலைவிளக்கும்

திருச்சிற்றம்பலம்.



விளக்கு என்னும் சொல் ஒன்று. அது செய்யும் தொழில் மூன்று. எரிகின்ற சுடரை விளக்கு என்கிறோம். கரி படிந்த பாத்திரத்தைச் சாம்பலும் புளியும் இட்டுத் துலக்குவதை விளக்குதல் என்கிறோம். விளங்காத பொருளை விளங்கச் சொல்வதையும் விளக்குதல் என்கிறோம். மூன்றிலும் நடப்பது ஒன்றே. மறைத்து நின்றது விலகுகிறது. மறைந்து நின்றது தோன்றுகிறது.

ஆகவே ஒரு வீட்டில் விளக்கு இருக்கிறதா என்று கேட்டால் போதாது. அது எதை விளக்குகிறது, யாருக்கு விளக்குகிறது என்றும் கேட்க வேண்டும். திருக்கார்த்திகையை ஒட்டி நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

இருளின் இயல்பு

சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை இருள் என்றே சொல்லும். உமாபதி சிவாசாரியார் அருளிய திருவருட்பயனில் இருள்மலநிலை என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே அவர் காட்டும் வேறுபாடு மிக நுட்பமானது. புறத்தே உள்ள இருள் பொருள்களை மறைக்கும். ஆனால் தன்னை மறைக்காது. இங்கே இருட்டு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அகத்தே உள்ள இருளோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். அதனால்தான் இருட்டறையில் இருப்பவன் விளக்கைத் தேடுகிறான். ஆணவத்தில் இருப்பவன் தேடுவதில்லை.

நம் வீடுகளிலும் தன்னை மறைத்துக்கொள்ளும் இருள் ஒன்று உண்டு. அது பழகிப்போன இருள். இருபது ஆண்டுகளாக மங்கலான ஒரு மூலையில் நின்று வேலை செய்பவர்க்கு அது மங்கல் என்றே தோன்றாது. மற்றவர்க்கோ அந்த மூலையே தோன்றாது. அந்த இருள் எங்கே இருக்கிறது என்று பின்னர்க் காண்போம்.

மலையடிவாரத்து மாலை

ராசிங்காபுரத்துக்கு மேற்கே மலை நிற்கிறது. சமவெளியில் உள்ள ஊர்களுக்குக் கதிரவன் அடிவானத்தில் மறைவான். இவ்வூருக்கு மலை முகட்டிலேயே மறைந்துவிடுவான். வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே தெருவில் நிழல் இறங்கிவிடும். காலையிலோ, ஏலத்தோட்ட வேலைக்குப் போவோர் கிழக்கு வெளுக்குமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டுப் பாதையைப் பிடித்தாக வேண்டும். அவர் ஏறுமுன் தூக்குச்சட்டியில் சோறு நிறைந்தாக வேண்டும். சோறு நிறையுமுன் உலை கொதித்தாக வேண்டும். ஆகவே மாலையிலும் முன்னதாக, காலையிலும் முன்னதாக விளக்கு வேண்டிய ஊர்கள் இம்மலைச் சரிவில் உள்ளவை.

நம் முன்னோர் எதைக்கொண்டு ஒளி பெற்றனர்? அகல், மாடவிளக்கு, குத்துவிளக்கு, தொங்குவிளக்கு என வடிவங்கள் பல. இலுப்பெண்ணெய் எரிந்தது, ஆமணக்கெண்ணெய் எரிந்தது. ஆமணக்கெண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்று பெயர் நிலைத்ததே அது எரிந்த காலத்தின் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் வந்தது. அதனோடு சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் வந்தன. கண்ணாடி இல்லாத திரிவிளக்கில் மண்ணெண்ணெயை எரித்தால், எரிகின்ற எண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்கு வரை கரித்தூளாகவே வெளிவருகிறது என்று 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. சுவரில் படிந்த கரியைப் பெண்கள் துடைத்தார்கள். நெஞ்சில் படிந்ததை யார் துடைத்தார்கள்?

திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் வந்தது. ஜெர்மனியில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பார் 1910-இல் அமைத்த விளக்கு அது. அதில் கட்டும் வலைத்திரி வெண்மையாக ஒளிர்வதற்குத் தோரியம் என்னும் பொருளின் உப்பு ஊட்டப்பட்டது. அந்தத் தோரியம் கலந்த மோனசைட் மணல், 1909-இல் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியரால் கண்டறியப்பட்டது. இன்று அவ்வூர் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. நம் தென்கரை மணல் கப்பலேறிப் போய் உலகத்து வீடுகளுக்கு ஒளி தந்த காலம் ஒன்று இருந்தது.

பின்னர் மின்சாரம் வந்தது. நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. நமக்கு அண்மையில், 1895-இல் முடிந்த பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து இறங்கும் இடத்தில், லோயர் கேம்ப் மின் நிலையம் 1958 முதல் இயங்கிவருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்கு வரும் தண்ணீரே, வரும் வழியில் விளக்குக்கும் விசை கொடுத்துவிட்டு வருகிறது.

ஆட்டு மந்தையும் ஓர் உழக்கு நெய்யும்

சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அறிவர். இரவும் பகலும் எரியும் ஒரு நந்தாவிளக்குக்குப் பல கோயில்களில் 96 ஆடுகள் விடப்பட்டன. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு மூத்தாலும் இறந்தாலும் குட்டிகளைக்கொண்டு எண்ணிக்கையை நிறைவு செய்ய வேண்டும். அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயரிட்டனர்.

ஒரு சுடர், அதன் பின்னே 96 ஆடுகள், அவற்றின் பின்னே மேய்ச்சல் நிலம், மழை, ஓர் இடையர் குடும்பத்தின் உழைப்பு. கல்லில் கணக்கு எழுதிவைத்ததனால் ஒளியின் விலை எல்லார்க்கும் தெரிந்திருந்தது.

இன்று நாம் சுவிட்சைத் தட்டுகிறோம். ஆடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆடு இல்லாமல் இல்லை. பெரியாற்று நீர் ஓர் ஆடு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஓர் ஆடு. மழையில் கம்பத்தின் மேலேறிக் கம்பியைச் சரிசெய்யும் ஊழியரின் உயிர் ஓர் ஆடு. விளக்கை வீணே எரியவிடுகிறவர் தம் பணத்தை மட்டும் எரிப்பதில்லை. பிறர் மந்தையையும் எரிக்கிறார்.

விளக்குக் கடையில் கேட்க வேண்டியவை

இக்காலத்து விளக்கை எப்படித் தேர்வது? பழைய பழக்கத்தால் கடையில் 'எத்தனை வாட்?' என்று கேட்கிறோம். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவுக்கு லுமென் என்று பெயர். ஒருவன் எவ்வளவு சாப்பிடுகிறான் என்பது வேறு. எவ்வளவு உழைக்கிறான் என்பது வேறு அல்லவா? பழைய இழை பல்பு தின்ற மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாக்கிவிடும். ஒளியானது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான்.

60 வாட் இழை பல்பு தரும் ஒளியை இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. ஏறத்தாழ 800 லுமென். எழுபது மெழுகுவத்திகளின் ஒளிக்கு அருகில் வரும். நாளுக்கு ஐந்து மணிநேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் 60 வாட் பல்பு 18 யூனிட் எடுக்கும். 9 வாட் விளக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். வெண்ணிற எல்.இ.டி. ஒளிக்கு வழி திறந்த நீலநிற எல்.இ.டி.யைக் கண்டமைக்காக அகாசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவர்க்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே உஜாலா திட்டத்தின் வழியாக இவ்விளக்கு நம் நாட்டில் விலை மலிந்து பரவியது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது நிறம். பெட்டியில் கெல்வின் என்னும் அளவு அச்சிட்டிருக்கும். 2700 என்றால் அகல்விளக்கை ஒத்த மஞ்சள் சாயல். 6500 என்றால் நீலம் கலந்த வெண்மை. நீலம் மிகுந்த ஒளி பகலுக்கும் நுண்ணிய வேலைக்கும் ஏற்றது. இரவு நெடுநேரம் அதில் இருந்தால், உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு உடலில் குறைகிறது. படுக்கும் அறைக்கு மஞ்சள் ஒளியே நன்று. அதுவும் சிறிதாக இருப்பது நன்று.

மூன்றாவது, துடைத்தல். திருமறைக்காட்டில் நெய்யுண்ண வந்த எலி, தன்னை அறியாமலே திரியைத் தூண்டியது, விளக்கு சுடர்விட்டது. அந்தப் பயனால் அது மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது தலவரலாறு. அறியாமல் தூண்டிய எலிக்கே அப்பயன் என்றால், அறிந்து தூண்டும் நமக்கு எப்படி? மின்விளக்குக்குத் தூண்டுதல் என்பது துடைத்தல். தூசியும் அடுப்புப் புகையும் படிந்த விளக்கு மின்சாரத்தை முழுமையாகத் தின்றுவிட்டு ஒளியைக் குறைத்தே தரும். சுவிட்சை நிறுத்தி, சூடு ஆறியபின், உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஏலச்செடி சொல்லும் பாடம்

ஒளி நல்லது, ஆகவே மிகுந்த ஒளி மிக நல்லது என்று எண்ணுகிறோம். மேலே மலையில் வளரும் ஏலச்செடி அப்படி எண்ணுவதில்லை. உயர்ந்த மரங்களின் இலைவழியே வடிகட்டி விழும் வெளிச்சமே அதற்கு வேண்டும். நேர்வெயில் பட்டால் இலை கருகும். பறித்த காயும் அவ்வாறே. வெயிலில் உலர்த்தினால் பச்சைநிறம் வெளுத்துவிடும். அதனால்தான் ஸ்டோருக்குள் வைத்து, விறகின் வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். சமவெளியில் விளையும் நெல்லுக்கோ திறந்த வெயில் வேண்டும்.

சித்தாந்தமும் இதையே சொல்கிறது. இறைவனது திருவருள் உயிரில் பதிவதைச் சத்திநிபாதம் என்பர். அது மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு. அருளாகிய ஒளி ஒன்றே. ஆயினும் உயிரின் பக்குவம் நோக்கி அளவிட்டுத் தருகிறான் இறைவன். எல்லார்க்கும் ஒரே அளவாகத் தருவது கருணை ஆகாது. ஏற்கும் அளவு அறிந்து தருவதே கருணை.

வீட்டுத் தலைவர்க்கும் இந்த அறிவு வேண்டும். கண்களில் வேற்றுமை உண்டு. இருபது வயதினர் கண்ணின் விழித்திரைக்குச் செல்லும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதினர் விழித்திரைக்குச் செல்கிறது. பேரனுக்குப் பளிச்சென்று தெரியும் எழுத்து, பாட்டனார்க்குப் புகையாய்த் தெரிவது பிடிவாதத்தால் அன்று. திருமுறை ஓதும் முதியவர்க்குத் தனி விளக்கு ஒன்று ஏட்டின்மேல் விழும்படி அமைத்துக் கொடுங்கள். இரவில் அவர் எழுந்து கொல்லைப்புறம் போகும் வழியில், தரையை ஒட்டிச் சிறிய மஞ்சள் விளக்கு ஒன்று எரியட்டும். இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்க்கு அதன்பின் வாழ்வே படுக்கையாகிவிடுவது உண்டு. சிறிய விளக்கு ஒன்று இரவு முழுதும் எரிவதனால் வரும் செலவு மிகச் சிறிது. படிக்கும் பிள்ளைக்கு, வலக்கையால் எழுதுவோராயின், இடப்பக்கத்திலிருந்து ஒளி வரட்டும். அப்போது தன் கைநிழல் தன் எழுத்தின்மேல் விழாது.

விளக்கேற்ற வந்தவள்

இனி, முன்னர்ச் சொன்ன பழகிப்போன இருளுக்கு வருவோம்.

மகனுக்குப் பெண் தேடும்போது நாம் என்ன சொல்கிறோம்? 'வீட்டுக்கு விளக்கேற்ற ஒருத்தி வேண்டும்' என்கிறோம். எவ்வளவு உயர்ந்த சொல்! அவள் வருகிறாள். மாலையில் விளக்கேற்றுகிறாள். அதன்பின் எங்கே போகிறாள்? அடுப்படிக்குப் போகிறாள். அங்கே என்ன விளக்கு இருக்கிறது?

பல வீடுகளில் பார்க்கிறோம். வாயிலில் இரண்டு விளக்குகள். தொலைக்காட்சி இருக்கும் கூடத்தில் நான்கு விளக்குகள். பூசை மாடத்தைச் சுற்றி வண்ண வண்ணச் சரவிளக்கு. அடுப்படியில் புகை படிந்த ஒரே பல்பு. அதுவும் வாசற்படிக்கு மேலே. அடுப்பை நோக்கி நிற்பவளுக்கு அவ்விளக்கு முதுகுக்குப் பின்னே இருக்கிறது. அவள் நிழலே அவள் கைமேல் விழுகிறது. அரிவாள்மனையும் கொதிக்கும் எண்ணெயும் அந்த நிழலுக்குள்தான் இருக்கின்றன. விடியற்காலையில் எழுந்து மலைக்குப் போவோர்க்குச் சோறு கட்டும் வேலையும், அரிசியில் கல் பொறுக்கும் வேலையும் அந்த நிழலுக்குள்தான் நடக்கின்றன. தோட்டத்துக்குப் போகிறவளும் பல வீடுகளில் அவளே.

விளக்கடியில் இருட்டு என்பது பழமொழி. விளக்கேற்ற வந்தவளை இருட்டில் நிறுத்திவிட்டு, இலட்சுமி வரவில்லையே என்று வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? அவள் முன்னமே வந்துவிட்டாள், உள்ளேதான் நிற்கிறாள்.

பரிகாரம் பெரிதன்று. அடுப்பு மேடைக்கு நேர்மேலே, நிற்பவரின் முகத்துக்கு முன்பக்கமாக, ஒரு விளக்கை மாற்றி வையுங்கள். புகை போகச் சாளரம் திறந்திருக்கட்டும். எரிவாயு மணம் வந்தால் விளக்கும் ஏற்றாதீர்கள், சுவிட்சையும் தொடாதீர்கள், கதவைத் திறந்து வெளியே வாருங்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றித் தரும் ஏற்பாடு வந்தது. அந்த நூறில் மூன்று யூனிட் அடுப்படிக்கு உரியதாகட்டும்.

இது புதுமைக் கருத்து என்று எவரும் எண்ண வேண்டா. திருக்கார்த்திகை நமக்குச் சொல்லித்தந்ததே இதுதான். அன்று விளக்கு வாசலில் மட்டுமா வைக்கிறோம்? அடுப்படியில் வைக்கிறோம். கிணற்றடியில் வைக்கிறோம். மாட்டுத்தொழுவத்தில் வைக்கிறோம். உரலுக்கும் அம்மிக்கும் அருகில் வைக்கிறோம். குப்பைக்குழியில்கூட ஒன்று வைக்கிறோம். உழைப்பு நடக்கும் இடமெல்லாம் அன்று ஒளி பெறுகிறது. மலைமேல் ஏற்றும் விளக்கு ஊருக்கெல்லாம் பொது. மனையில் வைக்கும் விளக்கு மூலைக்கெல்லாம் பொது. ஓராண்டில் ஒருநாள் செய்து காட்டியதை மற்ற நாளிலும் செய்யுங்கள் என்பதே அப்பண்டிகையின் உட்கருத்து.

பூசைக்கு எந்த விளக்கு?

மின்சாரம் இத்தனை நன்மை தருமானால், பூசையறையிலும் மின்விளக்குப் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். கண்ணுக்குப் போதும்; வழிபாட்டுக்குப் போதாது. திருவிளக்கில் எண்ணெய் தன்னைக் கரைத்துக்கொள்கிறது, திரி தன்னைத் தேய்த்துக்கொள்கிறது, ஒளி பிறக்கிறது. தன்னை இழந்து பிறர்க்கு ஒளியாதல் என்னும் பாடம் அங்கே கண்முன் நடக்கிறது. சுவிட்சைப் போடக் கை போதும். சுடரை ஏற்ற மனமும் வேண்டும். பல திருக்கோயில்களில் கருவறைக்குள் எண்ணெய் விளக்கையே போற்றி வருவதும் இக்கருத்துப் பற்றியே. வீட்டில் ஓர் அகல் போதும். போடிப் பக்கத்து இலவம்பஞ்சிலே திரித்த திரி ஒன்றும், தூய எண்ணெய் சிறிதும் இருந்தால் அதுவே நிறைவு. கடையில் தீப எண்ணெய் என்று விற்பது எரிப்பதற்கு மட்டுமே உரியது. அதைச் சமையலில் சேர்க்காதீர்கள்.

சுடரைக் கண்காணிப்பின்றி விட்டுச் செல்லாதீர்கள். திரைச்சீலைக்கும் நைலான் புடவைக்கும் அது எட்டாத இடத்தில் இருக்கட்டும். மலைக்கோயில்களுக்குச் செல்வோர் மாசி முதல் சித்திரை வரை காட்டுவழியில் தீயைக் கையாளவே வேண்டா. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இச்சரிவில் வாழ்வோர் மறக்க இயலாது. மாடத்தில் நின்றால் அது விளக்கு. மாடத்தை விட்டு இறங்கினால் அது நெருப்பு.

மூன்று அடியார்கள்

அறுபத்துமூவருள் திருவிளக்குத் தொண்டால் சிறந்தவர் மூவர். நமிநந்தியடிகள் திருவாரூரில் நெய் கேட்டபோது பிறர் எள்ளி நகைத்தனர். இறைவன் அருளால் குளத்து நீரை முகந்து வார்த்து விளக்கெரித்தார். கணம்புல்லர் தில்லையில் புல் அரிந்து விற்று நெய் வாங்கினார். ஒருநாள் புல் விலைபோகாதபோது அப்புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமயிரையே எரிக்கத் துணிந்தார். திருவொற்றியூர்க் கலியர், செல்வம் போனபின் கூலிக்குச் செக்காட்டி விளக்கிட்டார். அதுவும் இயலாதபோது தம் குருதியையே எண்ணெயாக வார்க்க முனைந்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான்.

இவர்களைப்போல் மயிரை எரிக்கவோ கழுத்தை அரியவோ எவரும் நம்மைக் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூவரும் தம் வீட்டு வாயில் ஒளிர வேண்டும் என்று பாடுபடவில்லை. எல்லாரும் வந்து வணங்கும் இடத்தில் இருள் இருக்கலாகாது என்று பாடுபட்டார்கள். விளக்கைத் தம் பெருமைக்கு வைக்கவில்லை. பிறர் கண்ணுக்கு வைத்தார்கள். விளக்கின் இயல்பும் அதுதானே? நல்ல விளக்கு 'என்னைப் பார்' என்று சொல்வதில்லை; 'இதைப் பார்' என்று பொருளைக் காட்டிவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கிறது. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு தன்னைக் காட்டுகிறதே ஒழியப் பொருளைக் காட்டுவதில்லை. அதுவும் ஆணவம்தான்.

விளக்கு அணைந்தது என்று நம் பெரியோர் சொல்வதில்லை, மலையேறிற்று என்பார்கள். ஆளில்லா அறையில் எரியும் விளக்கை மலையேற்றுங்கள். வாயிலில் அழகுக்கு எரியும் இரண்டில் ஒன்றை மலையேற்றுங்கள். அங்கே மிஞ்சிய ஒளியை அடுப்படிக்கும், முதியவர் நடக்கும் வழிக்கும், பிள்ளை படிக்கும் இடத்துக்கும் கொண்டு வாருங்கள். இன்று வீடு திரும்பியதும் கூடத்தில் அமராமல் நேரே அடுப்படிக்குச் சென்று, அடுப்பின் முன் ஒரு கணம் நின்று பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் கைமேல் விழுகிறதா என்று பாருங்கள். விழுமானால், இந்தக் கார்த்திகையில் நீங்கள் ஏற்ற வேண்டிய முதல் விளக்கு எது என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

திருச்சிற்றம்பலம்.